கட்டண முறை ஏன் மாறுகிறது? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்கள் ஏ.ஐ. உதவியாளருக்கு ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கிவந்த மாதக் கட்டணத்தை அடுத்த பில்லிலிருந்து நிறுத்துகிறோம். இனி சிறிய அடிப்படைக் கட்டணமும், அதற்கு மேல் பயன்பாட்டுக்கு ஏற்ற தொகையும் இருக்கும். அந்தத் தொகைக்கு உச்சவரம்பை நீங்களே வைக்கலாம். விலையேற்றத்துக்கு வேறு பெயர் சூட்டுகிறோமா என்று சிலர் கேட்டுவிட்டீர்கள். நாள் முழுவதும் பயன்படுத்துபவர்களுக்கு ஏறும், எப்போதாவது திறப்பவர்களுக்கு இறங்கும். இதுவரை பின்னவர்தான் முன்னவருக்கும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

சாதாரண மென்பொருளில் இன்னொருவர் கூடுதலாகச் சேர்ந்தால் எங்களுக்குச் செலவு ஏறக்குறைய இல்லை. ஏ.ஐ. விஷயத்தில் ஒவ்வொரு கேள்விக்கும் மாடல், அதாவது பதிலை எழுதும் ஏ.ஐ. மென்பொருள், ஓட வேண்டும். அது ஓடும்போதெல்லாம் அதை வழங்கும் நிறுவனத்துக்கு நாங்கள் டோக்கன் கணக்கில், அதாவது சொல்துண்டுகளை எண்ணி, பணம் கட்டுகிறோம். உள்ளே போகும் டோக்கனைவிட வெளியே வரும் டோக்கனுக்கு விலை பல மடங்கு. மாதம் 200 டாலர் வாங்கும் சாட்ஜிபிடி ப்ரோ திட்டத்திலேயே நஷ்டம் வருகிறது என்று ஓப்பன்ஏஐ தலைவர் சாம் ஆல்ட்மன் 2025 ஜனவரியில் சொன்னார். மக்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாகப் பயன்படுத்தியதுதான் காரணம்.

40 பக்க ஒப்பந்தம் ஒன்றை ஏற்றிவிட்டுப் பத்துக் கேள்விகள் கேட்கிறீர்கள் என்று வையுங்கள். முந்தைய கேள்வி மாடலுக்கு நினைவிருக்காது. ஒவ்வொரு முறையும் முழு ஒப்பந்தத்தையும் அதுவரை நடந்த உரையாடலையும் சேர்த்தே அனுப்புகிறோம். பத்தாவது கேள்வி "கடைசித் தேதி என்ன?" என்ற மூன்றே சொல்லாக இருந்தாலும், நாற்பது பக்கமும் மறுபடி கணக்கில் ஏறும். மாறாத பகுதியைச் சேமித்துவைத்தால் அதற்குத் தள்ளுபடி உண்டு. அதைச் செய்துவருகிறோம், பலன் உங்கள் பில்லில் தெரியும். உங்கள் பக்கத்தில் செய்யக்கூடியது, புதிய விஷயத்துக்குப் புதிய உரையாடலைத் தொடங்குவது. அவசரமில்லாத வேலைகளுக்கு "நாளைக்குள் போதும்" என்ற பொத்தானை அழுத்தினால் பாதிக் கட்டணம்தான். மொத்தமாக அனுப்பும் வேலைக்கு எங்களுக்கும் பாதி விலையே ஆகிறது.

தமிழில் எழுதுவோருக்குத் தனியாக ஒரு வார்த்தை. பழைய மாடல்கள் தமிழைப் பொடிப்பொடியாக நறுக்கின, அதனால் டோக்கன் கணக்கு ஏறியது. 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ என்ற மாடல் வந்தபோது ஓப்பன்ஏஐ காட்டிய எடுத்துக்காட்டில், முன்பு 116 டோக்கன் பிடித்த தமிழ் வாசகம் 35 டோக்கனில் அடங்கியது. எந்த மொழியில் எழுதினாலும் ஒரே கட்டணம் என்று இப்போது எங்களால் சொல்ல முடிவதற்கு இது ஒரு காரணம்.

முடிந்த வேலைக்கு மட்டும் கட்டணம் வாங்கக் கூடாதா என்றும் கேட்டிருந்தீர்கள். இன்டர்காம் நிறுவனம், வாடிக்கையாளர் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் தன் ஃபின் என்ற ஏ.ஐ. உதவியாளருக்கு, தீர்த்துவைத்த ஒவ்வொரு கேள்விக்கும் 0.99 டாலர் என்று விலை வைத்தது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தீர்ந்தது என்று யார் தீர்மானிப்பது? பதில் கிடைத்துப் போனவரும் சலித்துப் போனவரும் கணக்கில் ஒன்றுபோலவே தெரிவார்கள். எங்கள் வேலையோ வரைவும் சுருக்கமும். அதில் இந்தத் தகராறு இன்னும் பெரிதாகும். வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

மாடல் விலை இறங்கிக்கொண்டே வருகிறதே என்பீர்கள். உண்மைதான். 2023 மார்ச்சில் ஜிபிடி-4க்குப் பத்து லட்சம் உள்ளீட்டு டோக்கன் 30 டாலர். 2024 ஜூலையில் வந்த ஜிபிடி-4ஓ மினிக்கு 15 சென்ட். ஆனால் யோசித்துப் பதில் சொல்லும் புதிய மாடல்கள், நீங்கள் பார்க்காத யோசனைக்கும் டோக்கனைச் செலவழிக்கின்றன. ஆகவே எளிய வேலைகளைச் சிறிய மாடலுக்கே அனுப்புவோம். பெரிய மாடல் தேவைப்பட்டால் முன்கூட்டியே மதிப்பீட்டைக் காட்டி உங்கள் சம்மதம் கேட்போம்.

உச்சவரம்பில் எண்பது சதவீதத்தைத் தொட்டதும் மின்னஞ்சல் வரும். வரம்பு முடிந்தால் சேவை நிற்கும். நீங்கள் உயர்த்தாமல் ஒரு காசும் கூடுதலாக ஆகாது. ஆண்டு ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கு அது முடியும்வரை பழைய கட்டணமே தொடரும்.

இப்படிக்கு,
கணக்குப் பிரிவு