ஆண்டறிக்கை: அதிகாரம், கட்சி, பிளவு என்று படித்த ஒரு வருடம்

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் வாசிப்பு வட்டம் இந்த ஆண்டு 12 கூட்டங்களுக்குத் திட்டமிட்டது; 10 நடந்தன. ஒன்று மழையால் நின்றது, இன்னொன்று ஆசிரியர்களின் தேர்வுப் பணியால். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். என் பங்குக்கு, என்ன படித்தோம், அது நம்மை எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது என்பதைச் சொல்கிறேன்.

கட்சி அரசியலைப் பற்றிய ஆய்வுகளைப் படிக்கலாம் என்று சென்ற பொதுக்குழுவில் பேச்சு வந்தபோது பாதிப் பேர் தயங்கினார்கள். டீக்கடையில் தினமும் பேசுவதுதானே என்றார்கள். "பேசுகிறோம். அதையே ஊர் ஊராகப் போய் விசாரித்துப் பார்த்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று ஒரு வருடம் கேட்போமே" என்றார் அஞ்சல் துறையில் ஓய்வு பெற்ற நம் ஐயா. அப்படித் தொடங்கியதுதான் இது. கல்லூரியில் அரசியல் அறிவியல் நடத்தும் நம் உறுப்பினர் மாதந்தோறும் ஆங்கிலக் கட்டுரையின் சாரத்தைத் தமிழில் எழுதி, ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார். அந்த உழைப்பு இல்லாமல் இந்த ஆண்டே இல்லை.

முதல் இரண்டு கூட்டங்கள் அதிகாரம் பற்றியவை. அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் யார் ஆள்கிறார்கள் என்று ராபர்ட் டால் ஆராய்ந்தார். 1961இல் வெளியான அந்த ஆய்வில் அவர் பார்த்தது நகரச் சீரமைப்பு, பள்ளிகள், கட்சி வேட்பாளர் தேர்வு ஆகியவற்றில் யார் சொன்னது நடந்தது என்பதை. விஷயத்துக்கு விஷயம் ஆள் மாறியது. ஒரே கூட்டம் எல்லாவற்றையும் ஆளவில்லை என்றார். மறு ஆண்டே பாக்ராக், பாரட்ஸ் என்ற இருவர் மறுத்தார்கள்: முடிவெடுத்த விஷயங்களை மட்டும் எண்ணினால், மேசைக்கே வராமல் தடுக்கப்பட்ட விஷயங்கள் என்ன ஆயின? 1974இல் ஸ்டீவன் லூக்ஸ் இன்னும் ஒரு படி போனார். தனக்கு ஒரு குறை இருக்கிறது என்றே ஒருவருக்குத் தோன்றாதபடி செய்வதும் அதிகாரம்தான் என்றார்.

அன்று நம் தையல்கார அக்கா பேசியதைக் குறிப்பேட்டில் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்: "எங்க தெரு சாக்கடைக்கு எதிரா யாரும் ஓட்டுப் போடல. பேச்சே எடுக்கல. பதினோரு வருஷமா." அதற்குப் பிறகு பாக்ராக்கையும் பாரட்ஸையும் விளக்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

லிப்செட், ரொக்கான் இருவரும் ஐரோப்பியக் கட்சிகள் பழைய சமூகப் பிளவுகளிலிருந்து முளைத்தவை என்று 1967இல் எழுதியதை ஒரே கூட்டத்தில் முடித்தோம். வரைபடமும் காலக்கோடும் இல்லாமல் எடுத்தது என் தவறு. பலருக்கும் அது பிடிபடவில்லை.

அப்புறம் வந்தது டேனியல் போஸ்னரின் 2004 கட்டுரை. ஒரு மாதத்துக்கு என்று எடுத்து மூன்று மாதம் பேசினோம். ஆப்பிரிக்காவில் மலாவிக்கும் சாம்பியாவுக்கும் நடுவே காலனி ஆட்சி நிர்வாக வசதிக்காக ஒரு கோடு கிழித்தது. கோட்டின் இரண்டு பக்கமும் செவா, தும்புகா என்ற அதே இரண்டு இனங்கள். மொழி வேறு, நடனம் வேறு. தும்புகாக்கள் பரிசமாக மாடு கொடுப்பவர்கள், செவாக்களுக்கு ஒரு கோழி போதும். இந்த வேறுபாடுகள் இரு நாட்டிலும் ஒன்றுதான். எல்லையை ஒட்டிய கிராமங்களில் போஸ்னர் கேட்டார்: அந்த இனத்தில் பெண் எடுப்பீர்களா? அந்த இனத்து வேட்பாளருக்கு ஓட்டுப் போடுவீர்களா? மலாவிப் பக்கம் மாட்டோம் என்றவர்கள் அதிகம். சில மைல் தள்ளி, சாம்பியாவில், அதே இரண்டு இனத்தாரும் சொந்தக்காரர்கள் போல இருந்தார்கள்.

காரணம் எண்ணிக்கை. மலாவி சிறிய நாடு. அங்கே இந்த இரண்டு இனமும் தனித்தனியே ஒரு கட்சியைத் தாங்கும் அளவுக்குப் பெரியவை. அதிபர் பாண்டாவின் ஆட்சியில், 1968இல், செவாக்களின் மொழி தேசிய மொழியாக்கப்பட்டது. 1994இல் பல கட்சித் தேர்தல் வந்தபோது ஓட்டு வட்டாரம் வட்டாரமாகப் பிரிந்தது; தும்புகாக்கள் வாழும் வடக்கு ஒரு கட்சிக்கு, செவாக்கள் வாழும் நடுப்பகுதி இன்னொன்றுக்கு. சாம்பியாவிலோ இரண்டு இனமும் சிறியவை. தனித்தனியாக நின்றால் எதுவும் கிடைக்காது, அதனால் இருவரும் "கிழக்கத்திக்காரர்கள்" என்று ஒன்றானார்கள்.

இந்த ஆண்டில் என்னை மிகவும் உலுக்கியது இதுதான். சாதி, மதம், மொழி என்று எல்லா வேறுபாடும் பகையாக மாறுவதில்லை. எதைத் தொட்டால் ஓட்டு எண்ணிக்கை தேறும் என்று யாரோ கணக்குப் போடுகிறார்கள். அப்படியானால் அந்தக் கணக்கு மாறும்போது பகையும் மாறலாம். நம் இளைய உறுப்பினர் ஒருவர் இதை ஏற்கவில்லை. கணக்குக்கு முன்பே இழிவு இருக்கிறது, அதை அனுபவிப்பவனுக்கு அது கட்சிக்காரன் கொண்டுவந்ததல்ல என்றார். அவர் சொன்னது சரி. செவாக்களையும் தும்புகாக்களையும் நம் சாதி அடுக்கோடு நேராகப் பொருத்த முடியாது என்பதையும் குறித்துக்கொண்டோம்.

மைரன் வைனர் காங்கிரஸ் கட்சியை ஆராய எடுத்துக்கொண்ட ஐந்து இடங்களில் நம் மதுரையும் ஒன்று என்பது பலருக்குப் புதிய செய்தி. உள்ளூர்ச் செல்வாக்குள்ளவர்களைச் சேர்த்து, வழக்கைத் தீர்த்து, காரியம் முடித்துக் கொடுத்தே அந்தக் கட்சி வேரூன்றியது என்றார் அவர். நூல் வந்தது 1967இல். அதே ஆண்டு காங்கிரஸ் இங்கே ஆட்சியை இழந்தது. "ரூபாய்க்கு மூன்று படி அரிசி" முழக்கத்தைச் சிறுவனாகக் கேட்ட நம் மூத்த உறுப்பினர் அன்று ஒரு மணி நேரம் பேசினார். பதிவு செய்யாமல் விட்டதற்கு வருந்துகிறேன்.

கடைசி மூன்று கூட்டங்கள் கலவரம் பற்றியவை. இந்து முஸ்லிம் கலவர மரணங்களில் கிராமங்களின் பங்கு 4 விழுக்காட்டுக்கும் குறைவு, கிட்டத்தட்டப் பாதி எட்டே நகரங்களில் என்று 1950 முதல் 1995 வரையிலான செய்திகளைத் தொகுத்து அசுதோஷ் வர்ஷ்ணே காட்டினார். அலிகாரில் கலவரம் மூள்கிறது, கோழிக்கோட்டில் மூளவில்லை. கோழிக்கோட்டில் தொழிற்சங்கம், வணிகர் சங்கம், வாசக சாலை எல்லாவற்றிலும் இரு மதத்தாரும் கலந்திருந்தார்கள்; வதந்தி வந்தால் அடக்க ஆள் இருந்தது. ஸ்டீவன் வில்கின்சன் வேறு பக்கம் திருப்பினார். சிறுபான்மையினரின் ஓட்டு தேவைப்படும் மாநில அரசு போலீஸை அனுப்பிக் கலவரத்தை நிறுத்தும், தேவைப்படாத அரசு தாமதிக்கும் என்றார்.

சங்கம் வைத்தால் சமாதானம் வரும் என்று நாம் மகிழ்ந்திருந்த நேரத்தில் ஷெரி பெர்மன் 1997இல் ஜெர்மனியைப் பற்றி எழுதியதைப் பேராசிரியர் கொண்டுவந்தார். முதல் உலகப் போருக்குப் பிறகு, ஹிட்லர் வருவதற்கு முன் இருந்த வைமர் குடியரசுக் காலத்தில் அங்கே சங்கங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவரவர் வர்க்கம், அவரவர் பிரிவு என்று அவை தனித்தனியாக இருந்தன. நாஜிகள் அந்தச் சங்கங்களுக்குள் புகுந்தே ஆள் சேர்த்தார்கள்.

அன்றிரவு நம் உறுப்பினர் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். முக்கால்வாசிப் பேர் இரண்டே தெருக்காரர்கள். ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர்கூட இல்லை. பள்ளிவாசல் தெருவிலிருந்து ஒருவர், அவரும் நான் கூப்பிட்டு வந்தவர். யாரையும் வர வேண்டாம் என்று நாம் சொன்னதில்லை. ஆனால் அவர் ஒருவரைத் தவிர யாரையும் போய் அழைத்ததும் இல்லை. செயலாளர் என்ற முறையில் இந்தக் குறைக்கு நானே பொறுப்பு.

எனவே நிர்வாகக் குழு இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறது. ஒன்று, கூட்டத்தை ஒரே மொட்டை மாடியில் நடத்தாமல், மாதம் ஒரு தெருவில் நடத்துவது. இரண்டு, புதிதாகச் சேர்பவர்களிடம் முதல் வருடம் சந்தா வாங்காமல் இருப்பது. அதனால் வரும் குறைவைச் சமாளிக்க முடியும் என்று பொருளாளர் சொல்லியிருக்கிறார். முதல் கூட்டத்துக்கு ரயில் பாதைக்கு அப்பால் உள்ள சமுதாயக் கூடத்தைக் கேட்டிருக்கிறோம். தையல்கார அக்கா தன் தெருக்காரர்களை அழைத்து வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். சாக்கடை விஷயம் அன்றைய நிகழ்ச்சி நிரலில் முதலாவதாக இருக்கும்.

அறிக்கையையும் தீர்மானங்களையும் பொதுக்குழு ஏற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்