விற்ற படகின் சாவி யாரிடம் இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காசிமேட்டில் விசைப்படகுகளுக்கு ஜிபிஎஸ், ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர், விஎச்எஃப் ரேடியோ பொருத்தி, பழுதும் பார்த்துக் கொடுப்பது என் தொழில். படகுகளில் ஏறிவரும் செயற்கைக்கோள் டிரான்ஸ்பாண்டர் (செயற்கைக்கோள் வழியாகச் சேதி அனுப்பி வாங்கும் கருவி) பற்றி மீன்வளத் துறையின் காதில் ஒரு விஷயத்தைப் போட வேண்டும்.

2017-ல் ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்தவர்களுக்குச் சேதி சொல்ல வழியில்லாமல் போனது. இன்று இஸ்ரோவின் ஜிசாட்-6 வழியாகக் கடலுக்கும் கரைக்கும் இரண்டு பக்கமும் குறுஞ்செய்தி போகிறது. ஒரு லட்சம் படகுகளுக்கு ரூ.364 கோடியில் மத்திய அரசின் திட்டம். நல்ல காரியம், குறை சொல்ல வரவில்லை. என் கவலை, சேதி அனுப்புவது அந்தப் படகுதான் என்பதற்கு என்ன உறுதி என்பது.

போன மீன்பிடித் தடைக்காலத்தில் இங்கே ஒரு படகு கைமாறியது. பேப்பரெல்லாம் மாற்றி, வீல்ஹவுஸில் பெயரையும் புதிதாக எழுதிவிட்டார்கள். அதிலிருந்த கண்காணிப்புக் கருவி, ஏதோ தனியார் கம்பெனியுடையது, பக்கத்துப் படகில் நின்ற பழைய டிரைவரின் போனோடு புளூடூத்தில் தானாகப் போய் ஒட்டிக்கொண்டது. இணைப்பு எண்ணைப் பார்த்தேன். பெட்டியில் வந்தபடியே நாலு பூஜ்யம்!

ஏஐஎஸ் என்பது, படகு தான் யார், எங்கே இருக்கிறது என்று ரேடியோவில் சுற்றிலும் சொல்லும் கருவி. அதில் ஒன்பது இலக்க எண்தான் படகின் அடையாளம். அந்த எண்ணைச் சொல்வது அந்தப் படகுதானா என்று சரிபார்க்க அதில் ஏற்பாடே கிடையாது. வலையில் கட்டுகிற மலிவான ஏஐஎஸ் மிதவைகளில் லேப்டாப்பைச் சொருகி எந்த எண்ணையும் ஏற்றலாம். செயற்கைக்கோள் கருவி எதுவும் இந்த வழிக்குப் போய்விடக் கூடாது.

சிம் கார்டில் இருக்கிற மாதிரி, கருவி ஒவ்வொன்றுக்கும் வெளியே எடுக்க முடியாத சிப்பில் தனி ரகசியச் சாவி வேண்டும். அந்தச் சாவியையும், சேதியையும், சேதிக்குச் சேதி கூடிக்கொண்டே ஓடுகிற வரிசை எண்ணையும் வைத்துக் கணக்குப் போட்ட சில எழுத்துகள் ஒவ்வொரு சேதியின் வாலிலும் முத்திரையாக ஒட்டிப் போகும். கரை நிலையம் அதே கணக்கைப் போட்டுப் பார்த்து, ஒத்துவந்தால் ஏற்கும். பழைய சேதியைப் பிடித்துவைத்து மறுபடி அனுப்பினால் வரிசை எண் காட்டிக்கொடுத்துவிடும். வங்கிச் செயலி போல ஓடிபி கேட்டு நாலு முறை பேசிக்கொள்வது இங்கே சரிப்படாது. செயற்கைக்கோள் 36,000 கி.மீ. உயரத்தில் இருக்கிறது. ஒரு கேள்வி போய்ப் பதில் வரவே அரை நொடி, சேதியின் நீளமும் கொஞ்சம்தான்.

கரையிலிருந்து வரும் சேதிக்கும் இது வேண்டும். 'புயல், திரும்பு' என்று யாரோ விஷமி அனுப்பி, ஐஸும் டீசலும் ஏற்றிப் பல நாள் தங்கல் போன படகு திரும்பி வந்தால் நஷ்டத்தை யார் கொடுப்பது? அடுத்த முறை நிஜமான எச்சரிக்கை வந்தாலும் டிரைவர் 'போய்யா' என்பார். ஜிபிஎஸ் மாதிரியான ஐரோப்பாவின் கலிலியோ 2025 ஜூலையிலிருந்து தன் வழிகாட்டிச் சிக்னலிலேயே இப்படி முத்திரை வைத்து அனுப்புகிறது.

சாவிகளைக் கரையில் யார் கையாள்கிறார்கள் என்பதும் முக்கியம். 2022 பிப்ரவரி 24 அன்று ஐரோப்பாவுக்கு இணையம் தரும் கேஏ-சாட் செயற்கைக்கோள் விவகாரத்தில் செயற்கைக்கோளை யாரும் தொடவில்லை. தரையிலிருக்கும் நிர்வாக வலையமைப்புக்குள் நுழைந்துதான் மோடம்களுக்குக் கட்டளை போட்டார்கள். ஆயிரக்கணக்கில் மோடம்கள் செத்து, ஜெர்மனியில் சுமார் 5,800 காற்றாலைகளைத் தூரத்திலிருந்து கவனிக்க முடியாமல் போனது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் துறை அதிகாரிகள் எப்படியும் விசைப்படகுகளை நேரில் வந்து ஆய்வு செய்கிறார்கள். அப்போதே கருவி யார் பெயரில் இருக்கிறது, இணைப்பு எண் மாற்றப்பட்டதா, பழைய போன்களை நீக்கியாயிற்றா என்றும் பார்த்துவிடலாம். படகின் பெயர் மாற்றம் பதிவாகும்போதே பழைய சாவி செல்லாததாகிப் புதிது ஏற வேண்டும். கருவி களவு போனால் அன்றே முடக்குவதற்குத் துறைமுகத்திலேயே வழி வேண்டும். நந்தனத்திலுள்ள துறைத் தலைமை அலுவலகத்துக்கு அலையவிடாதீர்கள்.

அப்புறம், ஆபத்துப் பட்டனுக்கு மட்டும் தயவுசெய்து பின் நம்பர் வைத்துவிடாதீர்கள். முழுகுகிற படகில் ஈரக்கையோடு யார் நம்பர் போடுவது? ஆள் அமுக்கினால் போதும், முத்திரை வைப்பதைக் கருவி பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
படகு மின்னணுக் கருவி மெக்கானிக் ஒருவர்,
காசிமேடு, சென்னை-13