ஏடே நகரத்துச் சகோதரிகளுக்கு நன்றி மடல்

நெதர்லாந்தின் ஏடே நகரில் வாழ்ந்து மறைந்த டெ நோயி சகோதரிகள் மூவருக்கும், அவர்களுக்குத் துணைநின்ற அனைவருக்கும் வணக்கம்.

அறுவை சிகிச்சை வார்டில் செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படை அதிகாரி பிரிகேடியர் ஜான் ஹாக்கெட் ஜெர்மானியரிடமிருந்து தப்பித்த கதையில் எல்லோரும் சைக்கிளையும் படகையும் பற்றியே பேசுவார்கள். எனக்கு அவருடைய வயிற்றைப் பற்றித்தான் கவலை.

1944 செப்டம்பர், உங்கள் நாட்டு ஆர்னம் நகரில் சண்டை. குண்டுச் சிதறல் வயிற்றிலும் தொடையிலும் பாய்ந்து, எதிரியின் பிடியில் செயின்ட் எலிசபெத் மருத்துவமனையில் கிடந்தார். பிழைக்கமாட்டார் என்று ஜெர்மன் மருத்துவர் கைவிட்டார். தென்னாப்பிரிக்கரான டாக்டர் லிப்மன் கெசல், தானும் கைதியாக இருந்துகொண்டே, கிழிந்த குடலைத் தைத்தார். டாக்டர், அந்தத் தையலுக்கு ஒரு கும்பிடு!

மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஜெர்மானியரை மறைவாக எதிர்த்துவந்த உங்கள் நாட்டு எதிர்ப்பியக்கத்தார் அவரை அங்கிருந்து கடத்தி உங்கள் வீட்டில் சேர்த்தார்கள். இனிமேல்தான் என் வியப்பு. குடல் தைத்தவருக்குக் கஞ்சி எப்போது, எவ்வளவு, வயிறு உப்புகிறதா, காய்ச்சல் அடிக்கிறதா என்று ராத்திரி பகலாகப் பார்க்கவேண்டும். எங்களுக்கு அதற்கு ஷிஃப்ட் உண்டு, மணி அடித்தால் டாக்டர் உண்டு. உங்களுக்கோ கூப்பிடு தூரத்தில் ஜெர்மன் போலீஸ். பிடிபட்டால் உயிர் மிஞ்சாது. அதுவும் பஞ்சக் குளிர்காலம். மேற்கே ஆம்ஸ்டர்டாம் பக்கம் ஜனங்கள் துலிப் கிழங்கைத் தின்றார்கள். ஏடேயில் நிலைமை அவ்வளவு மோசமில்லை என்றாலும், ஊருக்குத் தெரியாமல் இன்னொரு வாய்க்குச் சோறு தேடுவது லேசான காரியமா? படிக்க ஆங்கிலப் புத்தகம் வேறு தேடிக் கொடுத்திருக்கிறீர்கள்.

1945 ஜனவரி கடைசியில் அவர் தன் படையிடம் திரும்பக் கிளம்பியபோது, உங்கள் சகோதரி மகன் யோஹான் ஸ்னூக் சைக்கிளில் கூடவே போனார். வழியில் இடம் கொடுத்த வீட்டாருக்கும், பீஸ்பாஸ் சதுப்புநிலத்து ஆறுகளில் இருட்டில் படகு வலித்தவர்களுக்கும் நன்றி. அந்தப் படகோட்டிகளில் இருவரைப் பிறகு ஜெர்மானியர் சுட்டுக் கொன்றார்கள். அவர்கள் வீட்டாருக்கு நன்றி என்று மட்டும் எழுதக் கை கூசுகிறது.

உங்கள் நோயாளி பின்னாளில் ஜெனரலானார், லண்டன் கிங்ஸ் கல்லூரிக்குத் தலைமை ஏற்றார், 1997-இல் 86 வயதில் காலமானார். எங்கள் வார்டாக இருந்தால் கேஸ் ஷீட்டில் உங்கள் மூவர் பெயரையும் எழுதியிருப்பேன்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற ஒரு செவிலி