உயர்த்திய கை

லாஸ் ஏஞ்சலஸ்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு நலம். அம்மாவின் முழங்கால் வலிக்கு அந்தத் தைலம் கேட்கிறதா? மறக்காமல் எழுது.

போன ஞாயிற்றுக்கிழமை உடன் வேலை செய்பவர்கள் என்னை பேஸ்பால் பார்க்க அழைத்துப் போனார்கள். இந்த ஊர் டாட்ஜர்ஸ் அணியின் மைதானம் ஒரு குன்றின் மேல் இருக்கிறது. எங்களுக்கு உச்சியில் இடம். எங்கள் அணி வீரர் ஒருவர் அடித்த பந்து வேலியைத் தாண்டிப் போய் விழுந்ததும் (இதை ஹோம் ரன் என்கிறார்கள்), பக்கத்து இருக்கையில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த கிழவர் எழுந்து என் பக்கம் திரும்பிக் கையை உயர்த்தினார். ஒரு கணம் தயங்கித்தான் தட்டினேன். கடலைத் தோல் ஒட்டிய, சொரசொரப்பான கை. இந்த ஊருக்கு வந்த ஒன்பது மாதத்தில் முன்பின் தெரியாத ஒருவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

"இப்படிக் கை உயர்த்தித் தட்டும் ஹை ஃபைவ் பிறந்த இடமே இதுதான், தெரியுமா?" என்றார் அவர். வீட்டுக்கு வந்து தேடித் தேடிப் படித்தேன். 1977 அக்டோபர் 2, அதுவும் ஞாயிறுதான். டாட்ஜர்ஸ் வீரர் டஸ்டி பேக்கர் அந்தப் பருவத்தின் 30ஆவது ஹோம் ரன்னை அடித்தார். ஒரே அணியில் நான்கு பேர் முப்பதைத் தொட்டது அதுவே முதல் முறை. ஓடி வந்தவரை அடுத்து ஆட நின்ற கிளென் பர்க் கையைத் தலைக்கு மேல் தூக்கி வரவேற்றார். கை மேலே இருந்தது, தட்டத் தோன்றியது, தட்டினேன் என்பதுதான் பேக்கர் சொன்ன விளக்கம். அடுத்து பர்க்கும் ஒரு ஹோம் ரன் அடித்தார், அமெரிக்காவின் முதல்தர பேஸ்பால் போட்டியான பெரிய லீக்கில் அவருக்கு அது முதலாவது. இம்முறை பேக்கர் கையைத் தூக்கினார்.

இடுப்பளவில் உள்ளங்கை தட்டிக்கொள்வது கறுப்பின மக்களிடம் அதற்கு வெகுகாலம் முன்பே உண்டு. லூயிவில் பல்கலைக்கழகக் கூடைப்பந்து வீரர்களும் ஹை ஃபைவ் எங்களுடையது என்கிறார்கள், ஆனால் அவர்கள் சொல்வது 1978-79 பருவம். நான் பர்க் பக்கம்தான்.

தம்பி, பர்க் தற்பாலின ஈர்ப்பு உடையவர். அணிக்குள் அது அரசல்புரசலாகத் தெரிந்திருந்தது. கல்யாணம் செய்துகொண்டால் தேனிலவுச் செலவை ஏற்கிறோம் என்று நிர்வாகம் ஆசை காட்டியதாக அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். ஒரு கால்கட்டுப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம் ஊரில் சொல்வார்களே, அதே பேச்சு! படித்தபோது நெஞ்சு கொதித்தது. 1978இல் அவரை ஓக்லாந்து அணிக்கு மாற்றிவிட்டார்கள். 1979க்குப் பிறகு பெரிய லீக்கில் அவர் ஆடவே இல்லை. சான் பிரான்சிஸ்கோவில் தற்பாலின ஈர்ப்பு உடையவர்கள் நிறைய வாழும் காஸ்ட்ரோ பகுதியில் தெருவில் போவோர் வருவோருக்கெல்லாம் கை உயர்த்தி ஹை ஃபைவ் கொடுப்பாராம். கடைசிக் காலத்தில் வீடில்லாமலும் அலைந்திருக்கிறார். 1995இல் எய்ட்ஸ் நோயால் இறந்தபோது அவருக்கு வயது 42. 2022இல்தான் டாட்ஜர்ஸ் அணி அவர் குடும்பத்தாரை அதே மைதானத்துக்கு அழைத்துக் கௌரவித்தது.

விக்கெட் விழுந்ததும் நம் தெருப் பையன்கள் ஓடி வந்து ஒருவர் கையை ஒருவர் தட்டுவார்களே, அவர்களுக்கு இந்தப் பெயரைச் சொல்லிக்கொடு: கிளென் பர்க். மாத முடிவில் பணம் அனுப்புகிறேன்.

அன்புடன்,
அண்ணன்