செல்வத்துக்கு, திருப்பூரிலிருந்து

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா கைத்தடி இல்லாமல் மாடிப்படி ஏறுகிறார்கள் என்று படித்ததும் மனசு நிறைந்தது. இங்கே எல்லாரும் சௌக்கியம். சின்னவள் பிளஸ் ஒன் சேர்ந்துவிட்டாள். காமர்ஸ்தான் வேண்டுமென்று ஒரே பிடிவாதம், அவள் இஷ்டம்.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். உன் மருந்துக் கம்பெனி செலவில் டாக்டர் குடும்பத்தோடு போகும் சுற்றுலாவைக் கருத்தரங்கு என்று பில் போடச் சொல்கிறார் உன் மேனேஜர். 2024 மார்ச்சில் வந்த மருந்து விற்பனை நடத்தை விதிகள் இதில் தெளிவாகவே இருக்கின்றன. டாக்டருக்கோ குடும்பத்தாருக்கோ பரிசு கூடாது. பேச்சாளராகப் போனால் தவிர பயணச் செலவு கூடாது. டைரி, காலண்டர் மாதிரிப் பொருள்கூட ஒன்று 1,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. இதெல்லாம் என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும். முடியாது என்று சொன்னபிறகு என்ன செய்வது என்பதுதான் உன் கவலை. அதற்கு என் மருந்துக் கடையில் நடப்பதைச் சொல்கிறேன்.

பனியன் கம்பெனிகளில் ஒன்றரை ஷிஃப்ட் முடிந்து, ராத்திரி எட்டரைக்கு மேல்தான் எனக்குக் கூட்டம். "அண்ணா, காய்ச்சலுக்கு ஒரு செட் மாத்திரை குடுங்க" என்பார்கள். அந்த செட்டு எப்படியிருக்கும் என்று நீயும் பார்த்திருப்பாய். சின்னக் காகிதக் கவரில் ஒரு பாராசிட்டமால், ஒரு வலி மாத்திரை, செஃபிக்ஸிம் என்ற ஆன்டிபயாடிக் ஒன்று, ஒரு ஸ்டீராய்டு, வயிற்றுக்கு ஒன்று. இரண்டு வேளைக்கு. ஸ்டீராய்டு உள்ளே போனதால் காலையில் உடம்பு லேசாக இருக்கும். ஆள் வேலைக்குப் போய்விடுவார், கடைக்காரருக்குக் கைராசி என்று பெயர். வைரஸ் காய்ச்சலென்றால் செஃபிக்ஸிமுக்கு அங்கே வேலையே இல்லை. பாக்டீரியா என்றால் இரண்டு வேளை எந்த மூலைக்கு? டெங்குவாக இருந்தாலோ அந்த வலி மாத்திரையே ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடலாம். அரைகுறை அளவில் கொடுத்தால் பாக்டீரியா மருந்துக்கு அடங்காமல் போய்விடும் என்று பென்சிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங் 1945-லேயே தன் நோபல் உரையில் எச்சரித்தார். 2019-ல் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பீடு.

அதனால் நான் செட்டு கட்டுவதில்லை. செஃபிக்ஸிம், கட்டுப்பாட்டோடு விற்க வேண்டிய மருந்துகளின் எச்1 பட்டியலில் இருக்கிறது. டாக்டர் சீட்டு வேண்டும், பதிவேட்டில் டாக்டர் பெயர், நோயாளி பெயர், எத்தனை மாத்திரை என்று எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். "நாம குடுக்கலைன்னா நாலு கடை தள்ளிக் குடுக்கறான் மாமா" என்று மச்சினன் புலம்புகிறான். அவன் சொல்வது உண்மை. நான் இல்லையென்றதால் அந்த ஆள் அந்த மாத்திரையை விழுங்காமல் இருக்கப்போவதில்லை. என் மனசாட்சிக்கு மட்டும் நிம்மதி. ஒரு நாள் லீவு போட்டால் சம்பளம் போச்சு, டாக்டர் ஃபீஸ் வேறு என்று நிற்பவருக்கு அந்த நிம்மதியால் என்ன பயன்?

அதனால் மறுத்த கையோடு இன்னொன்றும் செய்கிறோம். தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து, எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று கேட்டு, பாராசிட்டமாலும் ஓ.ஆர்.எஸ்ஸும் மட்டும் தருகிறோம். பக்கத்து அரசு சுகாதார நிலையத்தில் சாயங்காலமும் டாக்டர் இருக்கிறார், காசு வாங்குவதில்லை. அந்த நேரத்தைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுக்கிறோம். வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம் என்றால் உடனே ஜி.எச். போகச் சொல்கிறோம். ஒடிசாப் பையன்களுக்குச் சொல்வதற்காகக் கடைப்பையன் இந்தி கற்றுக்கொண்டான், கெட்டிக்காரன். கூட்ட நேரத்தில் ஆளுக்கு ஐந்து நிமிஷம் பிடிக்கிறது. சிலர் பொறுக்காமல் போய்விடுகிறார்கள். சிலர் மறுநாள் சீட்டோடு வருகிறார்கள்.

விதியை வைத்தே எல்லாவற்றையும் முடிவு செய்யவும் முடியவில்லை. பி.பி. மாத்திரை தீர்ந்துபோய், பழைய சீட்டோடு ஒரு பாட்டி சனிக்கிழமை ராத்திரி வந்து நிற்கிறார். நிறுத்தினால் ஆபத்து. டாக்டரைப் பார்க்கும்வரை நாலு நாளைக்குக் கொடுத்தனுப்புகிறேன். செட்டுக்கு முடியாது என்று சொன்ன அதே வாயால்தான். யாருக்காக வளைகிறேன், அதனால் யார் பிழைக்கிறார், யாருக்குக் கேடு என்பதைத்தான் பார்க்கிறேன்.

அதையே உன் விஷயத்திலும் பார். அந்தச் சுற்றுலாச் செலவு கடைசியில் மாத்திரை விலையில்தான் ஏறும், அதைக் கொடுப்பவர் நோயாளி. மேனேஜரிடம் வெறும் மறுப்போடு போகாதே. அதே பணத்தில் விதிக்குள் என்ன செய்யலாம் என்று எழுதி எடுத்துப் போ. டாக்டர்களுக்கு உண்மையான மருத்துவக் கூட்டம் ஒன்றுக்குத் திட்டம் போட்டுக் காட்டு. அவர் சொல்வதை மெயிலில் அனுப்பச் சொல்லிக் கேள். எழுத்தில் கேட்டதும் பல பேர் பின்வாங்குவார்கள். அதற்கும் மசியவில்லையென்றால் டார்கெட் போகலாம், இன்க்ரிமென்ட் போகலாம், வேலையேகூடப் போகலாம். வீட்டுக் கடன் இருக்கும்போது இது சின்ன விஷயமில்லை. மீனாவிடம் முன்கூட்டியே எல்லாவற்றையும் சொல்லிவிடு.

வேலை போனால் இங்கே வா. உன் பி.ஃபார்ம் சான்றிதழுக்கு என் கடையில் எப்போதும் இடமுண்டு. சம்பளம் குறைவாக இருக்கும், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். மேனேஜரைப் பார்க்குமுன் ஒரு போன் போடு. ஞாயிறு மதியம் கடை இல்லை, நிதானமாகப் பேசலாம்.

அன்புடன்,
கதிரேசன்