பம்பைக்காரரே மைக் முன்னால் உட்காரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மாசி பிறந்தால் மயானக் கொள்ளைத் திருவிழாவை ஒட்டி நம் பகுதி வானொலிகளில், அம்மனைப் புகழ்ந்து பாடும் வர்ணிப்பு கேட்கத் தொடங்கும். மகிழ்ச்சிதான். ஆனால் 'நாட்டுப்புறப் பாடல்' என்று ஒரே வரியில் அறிவித்துவிட்டு, நாலு நிமிடத்தில் சத்தத்தைக் குறைத்து நிறுத்திவிடுகிறார்கள். வர்ணிப்பு என்ன சினிமாப் பாட்டா? பிள்ளையாரைக் கும்பிட்டு, குலதெய்வத்தைக் கூப்பிட்டு, எல்லைத் தெய்வங்களை வரிசையாகச் சொல்லி, அப்புறம்தான் அம்மனிடம் வருவார்கள். அதுவரை பம்பை என்ற இரட்டை மேளம் நிதானமாகவே போகும். கைச்சிலம்பும் உடுக்கையும் கூடி வேகம் ஏறுவது அதற்குப் பிறகு. நாலாவது நிமிடத்தில் வெட்டினால் நேயருக்கு மிஞ்சுவது காப்புப் பாட்டு மட்டுமே.

எங்கே நிறுத்தலாம், எங்கே கூடாது என்பது பாடுகிறவருக்குத் தெரியும். அதனால்தான் கேட்கிறோம்: பாட மட்டும் அவரை அழைக்காமல், நிகழ்ச்சியையே அவரிடம் கொடுங்கள். அரை மணி நேரத்தில் 15 நிமிடம் வெட்டாத வர்ணிப்பு. மீதி நேரம் அவர் பேசட்டும்: இது எந்த ஊர் அம்மனுக்குப் பாடுவது, யாரிடம் கற்றது, ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் போனால் தெலுங்கும் கன்னடமும் பாட்டில் எப்படிக் கலக்கின்றன என்று. உச்சரிப்பு சுத்தமாக இல்லை என்று தயங்க வேண்டாம். கேட்பவர்களும் அதே பேச்சுக்காரர்கள்தாம்.

அடுத்தது ஒலிப்பதிவு. இப்போது பாதிக்கு மேல் கெடுவது இங்கேதான். கோயில் குழாய் ஸ்பீக்கருக்கு எதிரே கைப்பேசியை நீட்டிப் பதிவு செய்கிறார்கள். குழாயில் அடித்தொனி வராது. பம்பையின் பாதி அங்கேயே போய்விடும். பிறகு அதை வாட்ஸ்அப்பில் ஆடியோவாக அனுப்பி இன்னும் நசுக்குகிறார்கள். அனுப்பியே ஆகவேண்டும் என்றால் டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள், கோப்பு அப்படியே போய்ச் சேரும். பதிவு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில், நசுக்காத வேவ் (WAV) கோப்பாக இருக்கட்டும். அடி விழும்போது பதிவுக் கருவியின் அளவுகாட்டியில் உச்ச அளவு மைனஸ் 12 டெசிபலைத் தாண்ட வேண்டாம்.

பம்பை இடுப்பில் தொங்கும், மரத்தில் ஒன்றும் வெண்கலத்தில் ஒன்றுமாக. அடிப்பவரே பாடவும் செய்வார், அதனால் வாய்க்கு நேர் கீழே முழக்கம். மைக்கை முகத்துக்கு நேராக நிறுத்தினால் அடி பாட்டை விழுங்கிவிடும். முன்பக்கச் சத்தத்தையே அதிகம் வாங்கும் கார்டியாய்டு மைக்கை வாய்க்கு ஒரு சாண் கீழே வைத்து மேல்நோக்கித் திருப்புங்கள். மைக்கின் முதுகு பம்பையைப் பார்த்திருக்கும், அந்தப் பக்கச் சத்தத்தை அது அதிகம் வாங்காது. பம்பைக்கு வேறொரு மைக், ஒரு மீட்டர் தள்ளி.

சிலம்புக்காரர் இரண்டு மீட்டராவது பின்னால் நிற்கட்டும். எஃப்.எம்.மில் கீச்சு ஒலிகளை ஏற்றி அனுப்பி, ரேடியோப் பெட்டியில் இறக்குவார்கள். சிலம்பு மைக்குக்கு ஒட்டி நின்றால் அந்த ஏற்றத்தில், சத்தம் எல்லை மீறாமல் அமுக்கும் லிமிட்டர் குறுக்கிட்டு, ஒவ்வொரு குலுக்கலுக்கும் பாட்டு உள்ளே அமுங்கி அமுங்கி வரும். ரேடியோ சரியில்லை என்று நேயர் நினைத்துக்கொள்வார்.

இன்னொன்று. ஏ.சி. அறைக்குள் ஈரம் குறைந்து தோல் இறுகும், சுருதி ஏறும். கலைஞர்களை அரை மணி நேரம் முன்பே உள்ளே உட்கார வைத்து, அதன் பிறகு கயிற்றைச் சரிசெய்யச் சொல்லுங்கள். வெளியே பனி இரவில் இதற்கு நேர்மாறு, தோல் தொய்ந்துவிடும்.

இதற்கெல்லாம் பெரிய நிலையம்தான் வேண்டும் என்பதில்லை. 2006 முதல் தொண்டு நிறுவனங்களும் சமுதாய வானொலி, அதாவது உள்ளூர் மக்களுக்கான சிறு வானொலி நடத்தலாம். பொதுவாக வீச்சு 100 வாட்டுக்குள், ஆண்டெனா 30 மீட்டர் உயரத்துக்குள், பாதி நிகழ்ச்சியாவது உள்ளூரில் தயாரானதாக இருக்க வேண்டும் என்பது விதி. நம் மலைப்பாங்கான ஊர்களில் ஒரு குன்று மறைத்தாலே ஒலி மங்கிவிடும், அதனால் பதிவை இணையத்திலும் ஏற்றுவது நல்லது. ஏற்றும்போது கலைஞரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 38ஆவது பிரிவு, நிகழ்த்துகிறவருக்கு 50 ஆண்டு உரிமை தருகிறது. பலரிடம் இதைச் சொல்வதே இல்லை. சன்மானத்தையும் பாட்டுக்குத் தனி, தொகுத்து வழங்கியதற்குத் தனி என்று இரண்டாகக் கணக்கிட்டுத் தரவேண்டும்.

இப்படிக்கு,
பம்பைக் கலைஞர்கள், ஒலிப்பதிவாளர்கள் சிலர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.