உறுதியில் பெயர் இல்லாதவளின் பங்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

விவாகரத்தின்போது குடும்பச் சொத்து எவ்வாறு பிரிக்கப்படுகிறது என்பது பற்றி, என் தங்கையோடு கொழும்பு புதுக்கடை நீதிமன்றப் படிகளில் இரண்டு வருடமாக ஏறி இறங்கியவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

வெள்ளவத்தையில் அவர்கள் வாழ்ந்த தொடர்மாடி வீட்டின் உறுதி, அதாவது சொத்துப் பத்திரம், கணவரின் பெயரில் மட்டுமே இருக்கிறது. முற்பணத்துக்காகத் தங்கை தன் சீதன நகைகளை அடகு வைத்தாள். அவை மீட்கப்படவே இல்லை. அந்த அடகுச் சீட்டுத்தான் அவளுடைய ஒரே சான்று. வங்கிக் கடனை அடைத்தது கணவரின் சம்பளம் என்பதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சம்பளம் கடனுக்கு மிஞ்சும்படி பதினான்கு வருடம் வீட்டையும் பிள்ளைகளையும் படுக்கையில் கிடந்த மாமியாரையும் பார்த்தவள் அவள். அதற்கு யாரும் பற்றுச்சீட்டு எழுதுவதில்லை.

மணமான பெண் தன் சொத்தைத் தானே ஆள 1923ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் வழிசெய்தது. பெரிய முன்னேற்றந்தான், ஆயினும் அவரவர் சொத்து அவரவருக்கு என்ற அதே விதி, சம்பாதிக்காதவளை வெறுங்கையோடு விட்டுவிடுகிறது. குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 615ஆம் பிரிவு, நியாயமெனக் கருதினால் ஒருவரின் சொத்தை மற்றவருக்கோ பிள்ளைகளுக்கோ எழுதிக்கொடுக்கவும், மொத்தத் தொகையோ மாதப் பணமோ செலுத்தவும் கட்டளையிடும் அதிகாரத்தை நீதிபதிக்குக் கொடுக்கிறது. எதை வைத்து நியாயத்தை அளப்பது என்று மட்டும் அது சொல்வதில்லை.

உறுதியில் பெயர் இல்லாதவருக்கும் பங்கு உண்டு என்ற எண்ணம் நமக்குப் புதிதும் அல்ல. யாழ்ப்பாணத் தமிழருக்கான 1911ஆம் ஆண்டுச் சட்டம், தேடியதேட்டம், அதாவது மணவாழ்க்கையில் தேடிய சொத்து, யார் பெயரில் இருந்தாலும் இருவருக்கும் சமபங்கு என்று எழுதிவைத்திருந்தது. 1947ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த வாசகத்தை அகற்றிவிட்டது. முன்னேறினோமா பின்வாங்கினோமா என்று சட்டத்தரணிகள்தான் சொல்ல வேண்டும்.

மணவாழ்க்கையின் காலம், வீட்டுவேலை, பிள்ளை வளர்ப்பு, நகையாகவோ பணமாகவோ கொடுத்த உதவி ஆகியவற்றை நீதிபதி கட்டாயம் கணக்கில் எடுக்கும்படி 615ஆம் பிரிவைத் திருத்துவது பாராளுமன்றத்துக்குப் பெரிய வேலை அல்ல. அதுவரை, வீடு வாங்கும் பெண்கள் நொத்தாரிசிடம் போகும் நாளிலேயே உறுதியில் தம் பெயரையும் சேர்க்கச் சொல்ல வேண்டும். அடகுச் சீட்டையும் உடனே பிரதி எடுத்து வையுங்கள். என் தங்கையின் சீட்டில் தொகை இருந்த இடத்தில் மை மங்கிவிட்டது.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
வெள்ளவத்தை, கொழும்பு 6.